உமி, சாணம், கொழும்பு

ஞாயிறு இரவு, வெள்ளவத்தை

எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு சின்னத் தொகை வந்திருக்கிறது. ஊரில் கிடக்கும் கழிவிலிருந்து எரிசக்தி எடுக்கும் ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. கூட்டத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். உமியை எரித்துக் கரண்ட் எடுப்போம் என்றார் ஒருவர். ஊருக்கே பெரிய சாணத் தாங்கி ஒன்றைக் கட்டி, குழாய் போட்டு வீடு வீடாக காஸ் விடுவோம் என்றார் இன்னொருவர். வைக்கோலை மறந்துவிட்டீர்களே என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கடைசியில், பாடசாலை விடுமுறையில் சும்மா இருப்பவன் நான்தான் என்று கண்டுபிடித்து, "வாத்தியார், நீர் கொழும்புக்குப் போய் நாலு பேரைக் கேட்டுக்கொண்டு வாரும்" என்று அனுப்பிவிட்டார்கள். போவதோடு விடாமல் தினமும் எழுதிப் போடச் சொன்னார்கள். இது அந்த எழுத்து.

கிளிநொச்சியில் ஏறிய பஸ் புறக்கோட்டைக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. அங்கிருந்து 101 பிடித்து வெள்ளவத்தையில் மாமி வீடு. நாலாவது மாடி. லிப்ட் வேலை செய்கிறது என்பதைச் சந்தோஷமாகப் பதிவு செய்கிறேன்.

நான் வந்த காரணத்தைக் கேட்டதும் மாமி சொன்னது: "சாணத்தில காஸ் எடுக்கிறதெண்டா முதல்ல இந்த பிளாட்டுக்கு ஒரு மாடு கொண்டு வா." 2022இல் சிலிண்டருக்காக வரிசையில் நின்றது இங்கே யாருக்கும் மறக்கவில்லை. மாடியில் விறகு எரிக்கவும் முடியாது, மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. அந்த மாதங்களில் ஊரில் நாங்கள் சமைத்துச் சாப்பிட்டோம். விறகு இருந்தது, பனை மட்டை இருந்தது. புகை மட்டும் பெண்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் போனது. அதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

திங்கள்

புதுப்பிக்கத்தக்க சக்தி விடயங்களைப் பார்ப்பதற்கென்று 2007இல் ஒரு அதிகாரசபை அமைத்தார்கள். காலையில் போனேன். படிவங்கள், ஒரு கையேடு, நல்ல குளிர். வேறு சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அங்கே காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு வயதான பொறியியலாளரிடம் பேச்சுக் கொடுத்தது பிரயோசனமாகப் போயிற்று.

உமியில் கரண்ட் எடுக்கலாமா என்று கேட்டேன். எடுக்கலாம், எடுக்கிறார்கள், திருகோணமலையில் டோக்கியோ சீமெந்து ஆலை உமியையும் கிளிரிசீடியா விறகையும் எரித்து மின்சாரம் எடுக்கிறது என்றார். பிறகு, "உங்கள் ஊரில் கரண்ட் இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறது. போருக்குப் பிறகு இழுத்த கம்பி இப்போது கடைசி வீடு வரை வந்துவிட்டது. "அப்ப ஏன் கரண்ட்?" என்றார்.

பதில் என்னிடம் இல்லை. கூட்டத்திலும் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

அவர் பீகார் கதையைச் சொன்னார். அங்கே 2008 வாக்கில் ஹஸ்க் பவர் என்ற கம்பனி, கரண்டே காணாத கிராமங்களில் உமியை வாயுவாக்கி எஞ்சின் ஓட்டி வீடுகளுக்கு வெளிச்சம் கொடுத்தது. உமியை அரைகுறைக் காற்றில் எரித்தால் எரியக்கூடிய வாயு வரும். அதோடு தாரும் வரும். அந்தத் தாரைக் கழுவி எடுக்காவிட்டால் எஞ்சின் அடைத்துக்கொள்ளும், கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று அடுத்த பிரச்சினை. சோலார் தகடு மலிந்த பிறகு அந்தக் கம்பனியே பெரும்பாலும் சூரியன் பக்கம் சாய்ந்துவிட்டது. கம்பி இல்லாத ஊருக்கே அப்படியென்றால், கம்பி உள்ள ஊரில் ஒரு எஞ்சினை வைத்து அதற்கு ஒரு ஆளை வைத்துச் சம்பளமும் கொடுப்பது எதற்கு?

எங்களுக்கு வேண்டியது சூடு. சோறு வைக்க, பால் காய்ச்ச, நெல் அவிக்க. வெளிச்சம் ஏற்கெனவே வந்துவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது கொப்பியில் இதைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டேன்.

மாலையில் காலிமுகத்திடல். காற்று நன்றாக இருந்தது. தம்பிலி இளநீர் குடித்தேன். வண்டிக்காரர் குடித்த கோம்பைகளை மலைபோலக் குவித்து வைத்திருந்தார். தண்ணீர் ஊறிய நார், எரிக்கவும் முடியாது, உக்கவும் மாதக்கணக்காகும். "இதை யாராவது எடுப்பார்களா?" என்று கேட்டேன். சிரித்தார்.

செவ்வாய், ஏக்கல

இன்றுதான் வந்த வேலை நடந்தது. நீர்கொழும்பு போகும் 240 பஸ்ஸில் ஜா-எல வரை, அங்கிருந்து ஆட்டோவில் ஏக்கல. தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் அங்கேதான். 1974இல் தொடங்கியது. தொடங்கியவர் ஏ.என்.எஸ். குலசிங்க. கொழும்பில் சின்ன வயதில் கூட்டிப்போய்க் காட்டுவார்களே கோள்மண்டலம், அந்தக் கட்டடத்தின் பொறியியலாளரும் அவர்தான்.

எனக்குச் சிங்களம் கடைக்குப் போய் வருமளவுக்குத்தான். நல்லவேளையாக ஹட்டன் பக்கத்துத் தம்பி ஒருவர் கிடைத்தார், சாணத் தாங்கி கட்டும் வேலையில் பல வருடம் ஊறியவர். "அண்ணே, மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. உங்க ஊர்ல மாட்ட கட்டி வளக்குறீங்களா, அவுத்து விட்டுர்றீங்களா?"

பெரும்பாலும் அவிழ்த்து விடுவதுதான் என்றேன். பகலில் காட்டிலும் குளத்தடியிலும் மேயும், இரவில் பட்டியில் அடைப்போம்.

"அப்ப பாதிச் சாணி காட்டுல. மீதியத்தான் நம்பணும்."

பேனா எடுத்துக் கணக்குப் போட்டார். இதை அப்படியே எழுதுகிறேன், சங்கத்தில் சண்டை பிடிப்பவர்களுக்கு உதவும். ஒரு கிலோ பச்சைச் சாணத்துக்கு ஏறக்குறைய 40 லீற்றர் வாயு. அப்படியானால் 25 கிலோ சாணத்துக்கு ஒரு கன மீற்றர். ஒரு கன மீற்றர் சாண வாயுவின் சூடு, கடையில் வாங்கும் காஸில் 450 கிராம் அளவுக்குச் சமம். தினமும் 25 கிலோ சாணம் போட்டால் நாலு வாரத்தில் ஒரு 12.5 கிலோ சிலிண்டர் மிச்சம். நல்லதுதான். ஆனால் அந்த 25 கிலோ எங்கிருந்து வரும்? நாட்டு மாடு நாளைக்குச் சுமார் 10 கிலோ போடும். பட்டியில் விழுவது அதில் பாதி என்று வைத்தால், ஐந்து மாடு வேண்டும். கட்டி வைத்துப் புல்லு வெட்டிப் போடும் கலப்பினப் பசு என்றால் இரண்டு போதும்.

பெரிய குடும்பத்துக்கு மூன்று வேளையும் இதிலேயே ஆக வேண்டுமென்றால் கன மீற்றர் ஒன்றரை, இரண்டு வரை வேண்டும். மாட்டையும் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர். சாணத்துக்குச் சம அளவு தண்ணீர் கரைக்க வேண்டும். நாளைக்கு ஒரு வாளி, இரண்டு வாளிதான். மாரியில் பிரச்சினை இல்லை. ஆவணியில் எங்கள் பக்கத்துக் கிணற்றில் வாளி தரை தட்டும் சத்தம் கேட்கும்போது அந்த ஒரு வாளியை யார் தாங்கிக்குள் ஊற்றுவார்கள்? மாட்டு மூத்திரத்தையும் தொழுவம் கழுவும் தண்ணீரையும் பிடித்து ஊற்றலாம், வெளியே வரும் கரைசலில் ஒரு பங்கைத் திருப்பிக் கலக்கலாம் என்றார். சவர்க்காரத் தண்ணீர் மட்டும் கூடாது. உள்ளே வேலை செய்வது உயிர்கள்.

மாட்டின் வயிற்றில் நடப்பதுதான் தாங்கியிலும் நடக்கிறது. காற்றுப் படாத இடத்தில் நுண்ணுயிர்கள் முதலில் சாணத்தைக் கரைத்துப் புளிக்க வைக்கும், பிறகு வேறொரு கூட்டம் அந்தப் புளிப்பைத் தின்று மீதேனாக வெளியே விடும். இந்த இரண்டாவது கூட்டம் மெதுவானது. முதலாவது கூட்டத்துக்கு ஒரேயடியாகத் தீனி போட்டால் புளிப்புக் கூடி இரண்டாவது கூட்டம் படுத்துவிடும். அதனால்தான் கலியாண வீட்டு மிச்சச் சோற்றையெல்லாம் ஒரு நாளில் கொட்டிவிட்டு மறுநாள் அடுப்பு எரியவில்லை என்று கோபிப்பவர்களை இவர் நிறையக் கண்டிருக்கிறார். தேசிக்காய்த் தோல், வெங்காயத் தோல் அளவாக. சாணம் உள்ளே 40, 50 நாள் தங்க வேண்டும். 25 கிலோ சாணமும் 25 லீற்றர் தண்ணீரும் என்றால் கரைசலுக்கு மட்டும் இரண்டு, இரண்டரை கன மீற்றர் இடம். வாயுவுக்கு மேலே தனி இடம்.

தாங்கியில் இரண்டு வகை. நிலத்துக்குள் செங்கல்லால் கவிழ்த்த கும்பா போல் கட்டும் சீன முறை, மேலே இரும்புத் தொட்டி மிதக்கும் இந்திய முறை. சீன முறையில் துருப்பிடிக்க ஒன்றுமில்லை, நல்ல மேசன் கிடைத்தால் வருடக்கணக்காக நிற்கும். கிடைக்காவிட்டால் மயிரிழை வெடிப்பில் வாயு போய்க்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. தாங்கி பிழைப்பதும் கெடுவதும் மேசனின் கையில்தான் என்பது தம்பியின் கட்சி.

வைக்கோலைப் பற்றிக் கேட்டேன். இந்த நிலையத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். உலகம் முழுக்கச் சாணத்தைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருக்க, இவர்கள் ஒரு தாங்கியில் வைக்கோலை அடைத்து, தொடக்கத்துக்குக் கொஞ்சம் சாணம் சேர்த்து மூடிவிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு தரம் அடைத்தால் மாதக்கணக்கில் வாயு வரும். ஓய்ந்த பிறகு திறந்து, உக்கிய வைக்கோலை வயலுக்குப் போட்டுவிட்டு மறுபடி அடைக்க வேண்டும். தினம் சாணம் கரைக்கும் வேலை இல்லை, தண்ணீரும் குறைவு. வைக்கோலில் கரி கூடுதல், தழைச்சத்துக் குறைவு, அதனால் தனியாக விட்டால் மெதுவாகத்தான் உக்கும், சாணம் அதைச் சரிக்கட்டுகிறது. பெரும்போக வெட்டு முடிந்ததும் வயலில் தீ வைத்துவிட்டுப் போகிறோமே, அந்த வைக்கோல்தான்.

இதில் கஷ்டம், அடைக்கும் நாளும் கிண்டி எடுக்கும் நாளும். நாலு பேர் முழு நாளும் முறிய வேண்டும். வெட்டுக் காலத்தில் ஊரில் நாலு பேரைப் பிடித்துப் பாருங்கள்.

புறப்படும்போது தம்பியிடம் அவர் ஊரைப் பற்றிக் கேட்டேன். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உலர்த்துவதே விறகுச் சூட்டில்தான், லயத்தில் அம்மா சமைப்பதும் விறகில்தான் என்றார். "எங்க வீட்டுல ஒரு பசு இருக்கு. தாங்கி கட்ட எடம்தான் இல்ல. லயத்துக்குப் பின்னாடி நிலம் நம்மளுது இல்லையே." இதற்கு நான் என்ன பதில் சொல்ல.

புதன், பேலியகொட

விடிய முன்னரே மெனிங் சந்தைக்குப் போனேன். பழைய புறக்கோட்டைச் சந்தையை இங்கே மாற்றிச் சில வருடமாகிறது. நுவரெலியா லொறிகள் இறங்கிக்கொண்டிருந்தன. கோவா, லீக்ஸ், கரட். மூட்டையை அவிழ்த்ததும் கோவாவின் வெளி இலையை உரித்து எறிகிறார்கள். கால் வைக்கும் இடமெல்லாம் இலை. இந்த நாட்டில் காய்கறி, பழத்தில் 30 முதல் 40 வீதம் தோட்டத்திலிருந்து சட்டிக்கு வருவதற்குள் வீணாகிறது என்று படித்திருக்கிறேன். படிக்கும்போது மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்தேன். மிதித்துப் பார்த்தால் நம்பிக்கை வந்துவிடுகிறது.

பிளேன்டீ குடித்துவிட்டு கெரவலப்பிட்டிப் பக்கம். கெரவலப்பிட்டி என்றால் முன்பெல்லாம் 300 மெகாவாட் யுகதனவி மின் நிலையம்தான். 2021 பெப்ரவரியில் அதே பகுதியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையும் திறந்தார்கள். நாளைக்கு 600, 700 தொன் குப்பை, 10 மெகாவாட் மின்சாரம். உள்ளே போக அனுமதி வேண்டும், என்னிடம் இல்லை. வெளியே நின்று லொறிகளை எண்ணாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

600 தொன்னுக்கு 10 மெகாவாட் என்பது குறைவாகத் தெரியலாம். நுரைச்சோலை அனல்மின் நிலையம் 900 மெகாவாட். கொழும்புக் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவு, ஈரம். கோவா இலையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதை எரிப்பதென்றால் முதலில் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து அனுப்ப வேண்டும், எரிகிற பிளாஸ்டிக்கின் சூட்டில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். ஈரக் கழிவு தாங்கிக்கு, காய்ந்த கழிவு அடுப்புக்கு என்று ஆரம்பத்திலேயே பிரித்தால் இரண்டும் நன்றாக வேலை செய்யும். வீட்டில் பிரித்து வைத்ததை ஒரே லொறியில் கலந்து கொட்டுவதை வேறொரு நகரசபைப் பகுதியில் நானே கண்டிருக்கிறேன்.

இருந்தாலும் அந்த ஆலையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அதற்குக் காரணம் மீத்தொட்டமுல்ல. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள், பிற்பகலில் குப்பை மலை சரிந்து வீடுகளுக்கு மேல் விழுந்தது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலகாரத் தட்டோடு உட்கார்ந்திருந்த வீடுகள். அதற்குப் பிறகுதான் கொழும்புக் குப்பையை எங்கே கொட்டுவது என்ற கேள்வியை இந்த நாடு அவசரமாகக் கேட்டது. ஒரு பங்கை ரயிலில் ஏற்றிப் புத்தளம் அருவக்காட்டுக்கு அனுப்புவது என்று திட்டம் வந்தபோது அங்குள்ளவர்கள், முக்கியமாகத் தமிழ் பேசும் முஸ்லிம் கிராமத்தவர்கள், எங்கள் ஊர் என்ன குப்பைக் கூடையா என்று வீதிக்கு இறங்கினார்கள். நியாயமான கேள்வி.

காற்றுப் படாமல் புதைந்த கழிவிலும் தாங்கியில் வருகிற அதே மீதேன்தான் வருகிறது. பிடித்தால் அடுப்பு. விட்டால் தீ பிடிக்கும், இல்லாவிட்டால் வானத்துக்குப் போய் கரியமில வாயுவைவிட 28 மடங்குக்குக் குறையாமல் பூமியைச் சூடாக்கும்.

வியாழன்

முழு நாளும் மழை. வெள்ளவத்தைக் கால்வாய் நிறைந்து ஓடுகிறது. மாமியின் தோசை. வெளியே போகவில்லை.

உமிக் கணக்கை மட்டும் போட்டு முடித்தேன். ஒரு தொன் நெல் குற்றினால் ஏறக்குறைய 200 கிலோ உமி. மூன்று கிலோ உமியில் ஒரு லீற்றர் டீசலின் சூடு இருக்கிறது, அப்படிப் பார்த்தால் தங்கம். ஆனால் உமி காற்றுக்குப் பிறந்தது. ஒரு கன மீற்றரில் 100 கிலோதான் நிற்கும். 20 கன மீற்றர் பெட்டி உள்ள லொறியை விளிம்பு வரை நிரப்பினாலும் ஏறுவது இரண்டு தொன். அதைத் திருகோணமலைக்கோ கொழும்புக்கோ ஓட்டினால் டீசல்காரருக்குத்தான் லாபம். பரந்தன் மில்காரர்கள் பல காலமாகச் செய்வதுபோல், நெல் அவிக்கும் கொதிகலனுக்கு அந்த உமியையே போடுவதுதான் அதற்குச் சரியான இடம். மிஞ்சுவதை என்ன செய்வது என்பதுதான் எங்கள் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். எரித்த உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும், அதில் பெரும்பகுதி சிலிக்கா. நல்ல வெப்பத்தில் ஒழுங்காக எரித்த சாம்பலைச் சீமெந்தோடு கலந்து கல் அறுக்கலாம்.

வெள்ளி, பழைய சோனகத் தெரு

சாமான் விசாரிக்க. இந்தத் தெருவில் கிடைக்காத ஆணி உலகத்தில் இல்லை. மூன்றாவது கடையில் நானா ஒருவர், சாண காஸ் என்றதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "வாப்பா காலத்துல ஒருத்தர் வருவார் தம்பி, கம்பஹா பக்கம். குழாய் மட்டும் வாங்குவார். ஒவ்வொரு தடவையும் ஒரே குழாய். துருப்பிடிச்சுப் போச்சு, துருப்பிடிச்சுப் போச்சுன்னு."

காரணம் எனக்கு இப்போது தெரியும். சாண வாயுவில் 50 முதல் 70 வீதம் வரை மீதேன், மிச்சம் பெரும்பாலும் கரியமில வாயு, கூடவே கொஞ்சம் ஐதரசன் சல்பைட். அழுகிய முட்டை நாற்றம் அதுதான், இரும்பை அரிப்பதும் அதுதான். பிளாஸ்டிக் குழாய் போட வேண்டும், இடையில் ஒரு டப்பாவில் இரும்புத் துருவலை அடைத்து அதன் வழியே வாயுவை விட்டால் கந்தகம் அங்கே தங்கிவிடும். வாயுவோடு நீராவியும் வந்து குழாயில் தண்ணீராகத் தேங்கும், எனவே பள்ளமான இடத்தில் ஒரு வடிகுழாய். கடையில் வாங்கும் காஸ் அடுப்பை அப்படியே போட முடியாது. சாண வாயுவின் அழுத்தம் குறைவு, அடுப்பின் துளை பெரிதாக இருக்க வேண்டும். நானா துளையிடும் ஊசிகளை எடுத்துப் பரப்பினார். விலையை எழுதித் தரச் சொன்னேன், எழுதித் தந்தார். "ஊருக்கு ஏத்தி அனுப்புறதுன்னா ரெண்டு நாள் முன்ன சொல்லுங்க."

ஜிந்துப்பிட்டிக் கோவிலடியில் சாப்பாடு. கொழும்பில் நான் உண்ட நல்ல சோறு இதுதான், மாமி இதை வாசிக்க மாட்டார்.

வெளியே வரும் சாணக் கரைசலைப் பற்றி இன்னும் எழுதவில்லை. 2021இல் இரசாயன உரத்தை ஒரே உத்தரவில் நிறுத்தி, அந்த வருடம் முடிவதற்குள் திருப்பி விட்டார்கள். அந்தப் போகத்தில் சேதன உரம் எங்கே என்று அலைந்ததை எங்கள் ஊரில் சொல்லத் தேவையில்லை. தாங்கியில் வாயுவாகப் போவது கரிதான். தழைச்சத்து கரைசலிலேயே நிற்கிறது, பயிர் உடனே எடுக்கக்கூடிய வடிவத்தில். அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "அப்ப காஸ் சும்மா கிடைக்கிறது, உரத்துக்குத்தான் தாங்கி கட்டுறம் எண்டு சொல்லன். சனம் ஓமெண்டும்" என்றார். கமக்காரன் கணக்கு.

சனி, ரயிலில்

மதவாச்சி தாண்டுகிறது. வெளியே வயலில் யாரோ வைக்கோலுக்குத் தீ வைத்திருக்கிறார்கள்.

நாளைக் கூட்டத்தில் நான் சொல்லப் போவது இதுதான். கரண்ட் வேண்டாம். ஊருக்கே ஒரு பெரிய தாங்கியும் வேண்டாம், அதற்குச் சாணம் சுமக்கிறவர் சம்பளம் கேட்பார், கேட்கவும் வேண்டும். பசுவைக் கட்டி வளர்த்துப் பால் சபைக்குப் பால் ஊற்றுகிற வீடுகளில், கிணறு வற்றாத வீடுகளாகப் பார்த்து, சின்னச் சீனத் தாங்கி. முதலில் மூன்று வீடு. ஒரு போகம் ஓடட்டும். மேசனை ஏக்கலைக்கு அனுப்பிப் பழக்கிவிட்டு வேலையைத் தொடங்குவோம். வைக்கோல் தாங்கி ஒன்று சங்கக் கட்டடத்துக்குப் பின்னால், அடைக்கிற நாளில் சிரமதானம், அன்றைய சாப்பாடு சங்கச் செலவு. உமியை மில்லோடு விடுவோம்.

பெரிய தாங்கிக் கட்சிக்காரர் கோபிப்பார். கோபிக்கட்டும்.

கூட்டம் ஞாயிறு பிற்பகல் 3 மணி, வாசிகசாலையில். வருகிறவர்கள் வீட்டு மாட்டுக் கணக்கை எழுதிக்கொண்டு வரவும். கட்டி வளர்ப்பது தனியாக, பட்டியில் அடைப்பது தனியாக. கிணற்றில் ஆவணியில் எத்தனை முழம் தண்ணீர் நிற்கும் என்பதையும் எழுதவும், உண்மையை எழுதவும்.